ஆசிரியையாக இருந்த அம்மாவின் வாழ்க்கையை எப்படி எழுதுவது?

கேள்வி இது: “எங்கள் அம்மா 1970 முதல் 2006 வரை மண்டபம் ஒன்றியத்துக் கடலோர ஊர்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பாம்பனில் தொடங்கி மூன்று பள்ளிகள். நாங்கள் மூன்று பிள்ளைகள். அம்மா தவறி ஐந்து மாதம் ஆகிறது. தலைத்திவசத்துக்குள் அவர் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகக் கொண்டுவர ஆசை. கையில் இருப்பது ஒரு டிரங்குப் பெட்டிக் காகிதமும் கொஞ்சம் போட்டோவும்தான். எங்கிருந்து தொடங்குவது?”

இப்போதே எழுத உட்காராதீர்கள். முதல் மாதம் முழுக்க அந்தப் பெட்டிக்குத்தான். இப்போது எழுதினால் “அன்பே உருவானவர், அர்ப்பணிப்பின் இலக்கணம்” என்றுதான் வரும். அதில் உங்கள் அம்மா இருக்க மாட்டார். எந்த ஊர் டீச்சருக்கும் அந்த வரி பொருந்தும்.

பெட்டியைத் திறந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் எடுப்பது. கடல் காற்றில் பின் உப்பி, துருக்கறை நாலைந்து தாள் வரை இறங்கியிருக்கும். இழுத்தால் தாள் கிழியும். பின்புறக் காலை நிமிர்த்தி, மெல்லிய கத்திமுனையால் தூக்கி எடுங்கள். ராமபாணப் பூச்சி துளைத்த தாளைத் தட்டி உதற வேண்டாம், மென்மையான பிரஷால் துடைத்தால் போதும். லேமினேஷன் கடைக்கு எதையும் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சூடும் பிளாஸ்டிக்கும் அசலை நிரந்தரமாகக் கெடுக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட போட்டோவையும் பிய்க்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். மற்ற போட்டோக்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், காகிதங்களுக்கு 300 போதும். போட்டோவின் முதுகையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது பணிப்பதிவேடு. எஸ்.ஆர். என்று அம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எந்தத் தேதியில் எந்தப் பள்ளியில் சேர்ந்தார், எப்போது மாறுதல், தேர்வு நிலை, சிறப்பு நிலை என்ற ஊதிய நிலைகள் எப்போது, என்னென்ன விடுப்பு, எல்லாம் அதில் உண்டு. ஆசிரியர்கள் பலர் ஒரு நகல் வைத்திருப்பார்கள். பெட்டியில் இல்லாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். வாய்வழியாகக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், 30 நாளில் பதில். மனுவில் “பணி விவரங்களைத் தருக” என்று எழுதாதீர்கள். “தொகுத்துத் தர வழியில்லை” என்று திரும்பி வரும். “இன்னாரின் பணிப்பதிவேட்டில் உள்ள எல்லாப் பக்கங்களின் நகல்” என்று கேளுங்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இணையுங்கள், ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று தட்டிக்கழிக்க இடம் குறையும்.

தேடும்போது ஒரு தேதி நினைவில் இருக்கட்டும்: 1981 ஜூன் 1. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அன்றுதான் அரசு ஊழியர் ஆனார்கள். அதற்கு முன் நியமனம், சம்பளம் எல்லாம் ஒன்றிய அலுவலகம். ஆகவே அம்மாவின் முதல் பதினோரு வருடத்துக் காகிதம் கல்வி அலுவலகத்தில் இல்லையென்றால் ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள். 1985 மார்ச் வரை விருதுநகர், சிவகங்கைப் பகுதிகள் எல்லாம் சேர்ந்ததுதான் ராமநாதபுரம் மாவட்டம், ஆட்சியர் அலுவலகம் மதுரையில் இருந்தது. பழைய உத்தரவில் மதுரை முகவரியைப் பார்த்துவிட்டு ‘அம்மா மதுரையிலும் வேலை பார்த்தார்’ என்று எழுதிவிடக் கூடாது.

பதிவேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். மகப்பேறு விடுப்புப் பக்கம். அப்போது விடுப்பு 90 நாள்தான். 180, 270, 365 என்று உயர்ந்ததெல்லாம் 2011, 2016, 2021-ல். விடுப்பு தொடங்கிய தேதி, உங்கள் பிறந்த தேதி, அம்மா மீண்டும் பணியில் சேர்ந்த தேதி மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். பிரசவத்துக்கு இருபது நாள் முன்பு விடுப்பு எடுத்திருந்தால், எழுபது நாள் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குழந்தையை யார் வைத்திருந்தார்கள்? ஆச்சியா, பக்கத்து வீட்டு அக்காவா, பள்ளிக்கே தூக்கி வந்து இடைவேளையில் பால் கொடுத்தாரா? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடித்து எழுதினால், தாய்மை பற்றித் தனியாக ஒரு அத்தியாயம் வேண்டாம். குழந்தையைப் பார்த்துக்கொண்டவரின் பெயரும் புத்தகத்தில் வரவேண்டும். அவர் இல்லாமல் 36 வருடப் பணி கிடையாது.

இதற்கு இணையான இன்னொரு ஆவணம் டி.பி.எஃப். கணக்குச் சீட்டு, அதாவது ஆசிரியர் சேமநல நிதி. வருடத்துக்கு ஒன்று வரும், சாம்பல் பிடித்த மெல்லிய தாள். அதில் சந்தா வரிசையை விடுங்கள். ‘முன்பணம்’ என்ற பத்தியைப் பாருங்கள். எந்த மாதம் எவ்வளவு எடுத்தார் என்று இருக்கும். அந்த மாதங்களை வீட்டு நிகழ்ச்சிகளோடு ஒட்டிப் பாருங்கள்: அக்கா கல்லூரியில் சேர்ந்த ஜூன், தம்பிக்கு ஆபரேஷன் நடந்த டிசம்பர், கல்யாணத்துக்கு முந்தைய மாதம். திருப்பிக் கட்டிய தவணை 24 மாதமா, 36 மாதமா என்பதும் தெரியும். நகை அடகு ரசீதுகள் இருந்தால் அதே வரிசையில் வையுங்கள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அம்மா சமாளித்த வருடங்கள் எவை என்று அந்தக் காகிதங்கள் சொல்லும். பள்ளி வாழ்க்கையும் வீட்டு வாழ்க்கையும் ஒரே தாளில் சந்திக்கும் இடம் இதுதான் என்பதால், புத்தகத்தில் ஒரு சீட்டின் படத்தையாவது போடுங்கள், கணக்கு எண்ணை மட்டும் மறைத்துவிட்டு.

இனி ஒரு நீளநோட்டு வாங்கி நான்கு கட்டம் போடுங்கள்: ஆண்டு, பள்ளி, வீடு, ஊர். 1970 முதல் 2006 வரை ஆண்டுக்கு ஒரு வரி. பள்ளிக் கட்டம் பணிப்பதிவேட்டிலிருந்து நிரம்பும். வீட்டுக் கட்டத்தை நீங்கள் மூவரும் உட்கார்ந்து நிரப்புங்கள். நான்காவது கட்டத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கடற்கரையில் அது இல்லாமல் ஒரு டீச்சரின் நாள் புரியாது.

உதாரணத்துக்குப் பாம்பன். சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. அதற்கு முன் பாம்பன், ராமேஸ்வரம் இருக்கும் தீவுக்கு ரயில்தான். மண்டபத்தில் குடியிருந்து பாம்பனில் வேலை பார்த்தவர் ரயில் நேரத்துக்குத்தான் அடுப்பு மூட்டியிருப்பார். பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள். வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் டீச்சர் அந்தப் பக்கமும் பிள்ளைகள் இந்தப் பக்கமுமாக மாட்டிக்கொண்ட இரவு உண்டா? அன்று அவர் யார் வீட்டில் தங்கினார், பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டார்கள் என்று விசாரியுங்கள்.

குடிதண்ணீரும் அப்படித்தான். குழாய் வருவதற்கு முன் மணலில் ஊற்றுத் தோண்டி, கசிந்து நிற்கும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பவேண்டும். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம், வரிசை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று அந்தத் தெருவில் மூத்த பெண்கள் சரியாகச் சொல்வார்கள். ஒன்பதரை மணிப் பள்ளிக்கு அம்மாவின் நாள் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை அதிலிருந்தே கணக்கிடலாம்.

வகுப்பறைக்கும் கடல்தான் நாள்காட்டி. தந்தை கடலுக்கும் தாய் கடல்பாசி எடுக்கவும் போய்விட்டால், ஏழு வயது அக்கா கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நின்றுவிடுவாள். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டதற்கு இது பெரிய காரணம். சில டீச்சர்கள் தம்பியையும் தூக்கிக்கொண்டே வா என்று சொல்லி, வகுப்பு மூலையில் சேலைத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். சில டீச்சர்கள் வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் அம்மா என்ன செய்தார்? பதிலை அனுமானிக்காதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளைகளை எண்ணுங்கள், ஐந்து ஆண்டு கழித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பெண்பிள்ளைகளை எண்ணுங்கள். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் எழுதுங்கள். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைக்கவேண்டிய ஆவணம், அதனால் பள்ளியில் இருக்கும். தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். வெளியே எடுத்துப்போகக் கேட்காதீர்கள். படம் எடுக்கவும் அனுமதி வேண்டும். அதில் சாதி விவரமும் இருக்கும், அது புத்தகத்துக்கு வரக் கூடாது.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் மண்டபம் முகாமில் தங்கின. அந்தக் காலத்தில் அவர் அந்தப் பக்கப் பள்ளியில் இருந்திருந்தால், வகுப்பில் திடீரென்று எத்தனை பேர் கூடினார்கள், ‘கதைக்கிற’ பிள்ளையும் ‘பேசுற’ பிள்ளையும் ஒரே பலகையில் எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பக்கம் இல்லையென்றால் இந்தப் பகுதியே வேண்டாம். இடத்தின் வரலாறு முழுவதையும் அம்மா மேல் ஏற்றாதீர்கள். சுனாமியும் அதேபோல. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை வேறு. இலங்கை மறைப்பாக நின்றதால் இந்தக் கடற்கரையில் நாகப்பட்டினம் அளவுக்கு அழிவும் இல்லை. ‘வகுப்பறையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றினார்’ என்று யாராவது பாசத்தில் சொன்னால் அதை அப்படியே அச்சேற்றக் கூடாது. 1964 தனுஷ்கோடிப் புயலில் அம்மா பதினாறு வயது மாணவி. அதை அவர் வீட்டில் சொல்லியிருந்தால் சொன்ன அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

தேதி போடாத நோட்டுகளை என்ன செய்வது? பாடக்குறிப்பில் எழுத்தைப் பாருங்கள். 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் தும்பிக்கை போலச் சுழித்து எழுதினார்கள், ணா, றா, னா மூன்றையும் துணைக்கால் இல்லாமல் எழுத்தையே வளைத்து எழுதினார்கள். நோட்டு முழுக்கப் புது எழுத்து என்றால் பெரும்பாலும் 1978-க்குப் பிந்தியது. பழைய எழுத்து என்றால் மட்டும் அவசரப்படாதீர்கள், கை பழகிய டீச்சர்கள் பல வருடம் பழையபடியே எழுதினார்கள். ஒரே நோட்டில் இரண்டும் கலந்து, பழையதை அடித்துப் புதியது எழுதிய பக்கம் கிடைத்தால் அதுதான் புதையல். முப்பது வயதில் தன் கையெழுத்தையே மாற்றிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவரின் உழைப்பு அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும். அதை முழுப் பக்கமாக அச்சிடுங்கள்.

பழைய மாணவர் சொல்லும் நினைவுக்கும் இப்படிக் காலம் கண்டுபிடிக்கலாம். ‘கோதுமை உப்புமா சாப்பிட்டோம்’ என்றால் 1982 ஜூலையில் சத்துணவு வருவதற்கு முந்தின காலமாக இருக்கும். ‘சத்துணவில் முட்டை’ என்றால் 1989-க்குப் பிறகு.

மாணவர்களிடம் கேட்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பெரும்பாலான புத்தகங்கள் இங்கேதான் வெறுமையாகப் போகின்றன. ‘எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘நல்ல டீச்சர், ரொம்பக் கண்டிப்பு, ஆனா பாசம்’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கேள்வி அப்படி. எந்தக் குச்சியால் அடிப்பார், பூவரசா புளியா? மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், தூக்குவாளியில் என்ன இருந்தது? மீன் ஏலத்தில் மனக்கணக்காகச் சொல்லும் பையன் கரும்பலகையில் தடுமாறினால் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? உங்கள் வீட்டுக்கு வந்தாரா, யாரிடம் பேசினார், திண்ணையில் உட்கார்ந்தாரா, நின்றபடியே பேசினாரா? டீச்சர் பிள்ளை எந்த வகுப்பில் இருந்தது, அதற்கு அடி கூடவா குறைவா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே உண்மை சொல்வார்கள். அம்மா வேலை பார்த்த பள்ளியிலேயே படித்த பிள்ளைக்குப் பெரும்பாலும் அடி கூடத்தான். அதை நீங்கள் மூவரும் உங்கள் பங்குக்கு எழுதவும் வேண்டும்.

ஒவ்வொருவராகப் பாருங்கள். ஐந்து பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். ஆண்களைப் பார்க்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். உங்கள் ஏழு மாதத்துக்குள் அது வராவிட்டால் படகு கரையில் நிற்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். பாசி எடுக்கும் பெண்கள் காலையில் கடலில் இருப்பார்கள், மாலைதான் சரி. பதிவைக் கடற்கரையில் வைத்துக்கொள்ளாதீர்கள். படத்துக்கு அழகு, ஒலிக்குக் கேடு. காற்று இரைச்சலில் பாதிச் சொல் கேட்காது. வீட்டுக்குள், ஃபேனை நிறுத்தி, ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, பேசுபவர் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் துணி மடிப்பின் மேல் வையுங்கள். ஒரு ஆளுக்கு 40 நிமிடம் போதும். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். பத்துப் பேரைத் தாண்டாதீர்கள். அவர்கள் பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தவும் வேண்டாம். ‘பெரிய டீச்சர் வர்றாகன்னா தெருவே அடங்கிரும்’ என்பதை ‘அவர் வந்தால் தெரு அமைதியாகிவிடும்’ என்று மாற்றினால் ஊர் போய்விடும். கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்துப் பெண்கள் பேச்சில் வரும் உம்மா, வாப்பா, லாத்தாவும் அப்படியே இருக்கட்டும். அச்சுக்கு முன் அவரவர் பகுதியை அவரவருக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அடி வாங்கியது, பள்ளியை விட்டது, வீட்டில் குடி இருந்தது போன்றவற்றில் பெயரை எடுத்துவிடுங்கள்.

பணிப்பதிவேட்டில் 2003 ஜூலையில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மாதம் நடந்த வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தார்கள். அம்மா கலந்துகொண்டாரா, கலந்துகொள்ளாமல் பள்ளியைத் திறந்தாரா? எதுவாக இருந்தாலும் ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது எடுத்த முடிவு அது. மறைக்கவேண்டிய விஷயம் இல்லை.

எழுதும்போது பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். நான்கு கட்ட நோட்டில் நன்றாக நிரம்பிய ஒரு ஆண்டைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டின் ஒரு சாதாரண நாளை விடியலிலிருந்து விளக்கணைக்கும் வரை முதலில் எழுதுங்கள்: ஊற்று, அடுப்பு, மூன்று பிள்ளைக்குத் தலைசீவல், ரயில், இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்துவது, சாயங்காலம் தெருவுக்குள் போய் வராத பிள்ளையைத் தேடுவது, இரவு பாடக்குறிப்பு. 1,500 சொல் வரும். அது சரியாக அமைந்தால் மற்ற அத்தியாயங்களுக்கு அளவு கிடைத்துவிடும். ‘கலாம் பிறந்த மண்ணில்’ என்ற தொடக்கம் இந்தப் பக்கம் எல்லா மலரிலும் இருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை. ‘தியாகம்’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, அன்று அவர் எதை விட்டார் என்று எழுதுங்கள்: அண்ணன் கல்யாணத்துக்கு ஒருநாள்தான் போனார், பதவி உயர்வு தூரத்துப் பள்ளி என்பதால் எழுதிக்கொடுத்து மறுத்தார் என்பது போல. ‘எங்களைவிடப் பள்ளிப் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்தார்’ என்ற மனக்குறை உங்களில் ஒருவருக்காவது இருக்கும். அதையும் அவர் பெயரிலேயே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வாசிப்பவர்கள் அந்தப் பக்கத்தில்தான் உங்கள் அம்மாவை முழுதாக நம்புவார்கள்.

அச்சு வேலை சுருக்கமாக. டெமி அளவு, 80 பக்கம். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் 64, 80, 96 என்றுதான் திட்டமிட வேண்டும். பக்கத்துக்கு 230 சொல் என்று வைத்தால், 16 பக்கம் படம் போக ஏறத்தாழ 14,700 சொல். உள்தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, படப் பக்கத்துக்கு ஆர்ட் பேப்பர், அட்டை 300 ஜிஎஸ்எம். 100, 200 பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு. 500-ஐத் தொட்டால் ஆஃப்செட் கட்டுப்படியாகும், இரண்டுக்கும் விலை கேட்டுவிடுங்கள். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்ததை டிடிபி கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொ, கோ, கௌ வரிசையும் ஸ்ரீ, க்ஷ போன்றவையும் உடையும். ஆகவே மாற்றிய பிறகு வந்த அச்சுப்படியைத்தான் மெய்ப்புப் பார்க்கவேண்டும், உங்கள் கணினியில் இருப்பதை அல்ல. இரண்டு முறை பாருங்கள். ஒரு முறை தேதிகளையும் ஊர்ப் பெயர்களையும் மட்டும் தனியாக ஓட்டுங்கள்.

கடைசித் தேதியை ஆங்கிலக் காலண்டரில் குறிக்காதீர்கள். திதி அதே தேதியில் வராது, முன்னே பின்னே விழும். வீட்டுப் புரோகிதரிடம் கேட்டு, அதற்கு இருபது நாள் முன்பு பிரதி கையில் இருக்கும்படி அச்சகத்துக்குச் சொல்லுங்கள். அவர் வேலை பார்த்த மூன்று பள்ளிக்கும் இரண்டிரண்டு பிரதி, ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று. பள்ளியில் கொடுக்கும்போது தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டு வராமல், நூலகப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, அந்த எண்ணைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள். எண் போடாத புத்தகம் அடுத்த வெள்ளையடிப்பில் காணாமல் போகும்.